சைக்கிள் ஹெல்மெட் வாங்குகிறவர்கள் உள்பஞ்சைத் தூக்கிப் பாருங்கள்

எங்கள் ஊர் ஈரோடு மாவட்டம் அறச்சலூர் பக்கம். அக்கா மகனுக்கு 14 வயது. பங்குனிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, நான் வாங்கிக் கொடுத்து, நானே வார் மாட்டிவிட்ட ஹெல்மெட்டோடு இட்டேரியில், அதாவது இரண்டு வேலிகளுக்கு நடுவே ஓடும் மண்வழியில், விழுந்தான். நெற்றிப்பொட்டுக்கு மேலே 7 தையல். ஹெல்மெட் போட்டிருந்தவனுக்கு அந்த இடத்தில் எப்படித் தையல் வந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கோவையில் ஒரு சைக்கிள் கடையில் எங்களுக்குப் போலியை விற்றுவிட்டார்கள். உங்கள் வீட்டிலும் அதே சரக்கு தொங்கிக்கொண்டிருக்கலாம்.

நான் 8 வருசமாக மவுண்டன் பைக் ஓட்டுகிறேன். நம் பக்கத்து மலைத்தடங்களில் பெரும்பாலானவை காப்புக்காட்டுக்குள் இருக்கின்றன. அனுமதியில்லாமல் போகக் கூடாது, பல இடங்களில் யானை நடமாட்டமும் உண்டு. அதனால் கீழ்பவானி வாய்க்கால் கரை, நாகமலை அடிவாரம், கிளுவை வேலிக்கு நடுவே ஓடும் இட்டேரிகள், இவைதான் எங்களுக்குத் தடம். மாட்டுவண்டிச் சக்கரம் அறுத்த பள்ளமும் சுக்கான்கல்லும் கிடக்கும். மழை பெய்து காய்ந்தால் பள்ளத்தின் ஓரம் கத்தி மாதிரி நிற்கும்.

இட்டேரிக்கு எதற்கு ஹெல்மெட் என்று ஊரில் கேட்காத ஆள் இல்லை. "எங்க அப்பாரு காலத்துல ஆரு கண்ணு இதெல்லாம் போட்டா?" என்று பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் இன்றைக்கும் கேட்பார். அவருக்கு நான் சொல்லும் பதில் இதுதான். சைக்கிள் மேல் உட்கார்ந்தால் தலை ஏறத்தாழ அஞ்சடி உயரத்தில் இருக்கிறது. அஞ்சடி உயரத்திலிருந்து ஒரு பொருள் விழுந்தால் தரையைத் தொடும்போது மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகம் வந்துவிடும். சைக்கிள் ஓடவே வேண்டியதில்லை, நின்ற இடத்தில் சாய்ந்தாலே போதும். ஐரோப்பாவின் ஈஎன் 1078 தரத்தில் ஹெல்மெட்டை 1.5 மீட்டர் உயரத்திலிருந்து தட்டை இரும்பின் மேல் போட்டுச் சோதிக்கிறார்கள். அமெரிக்காவின் சிபிஎஸ்சி தரத்தில் அதுவே 2 மீட்டர். ஆக, ஹெல்மெட்டின் சோதனையே நாம் சாய்ந்து விழுகிற உயரத்தை ஒட்டித்தான் இருக்கிறது. மலையோ தோட்டத்து வழியோ, பத்து நிமிசமோ பத்து மணி நேரமோ, ஏறினால் ஹெல்மெட் போட வேண்டும் என்பதில் எனக்கு எப்போதும் மாற்றுக் கருத்து கிடையாது. இப்போதும் இல்லை.

தை மாதம் மாமா அவனுக்குக் கியர் சைக்கிள் எடுத்துக் கொடுத்தார். ஹெல்மெட் என் பொறுப்பு. நான் ரெண்டு மூன்று தடவை டயர் வாங்கிய கடை, பழக்கமான முகம். கடைக்காரர் வெளிநாட்டுக் கம்பெனிப் பெயர் போட்ட ஹெல்மெட் ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார்.

"தூக்கிப் பாருங்ணா, பஞ்சாட்டம் இருக்கும். இம்போர்ட்டு சரக்குங்."

உண்மையிலேயே லேசாக இருந்தது. என்னுடையதில் பாதிதான் இருக்கும் போல. நல்ல சாமான் லேசாகத்தான் இருக்கும் என்று நானும் நம்பினேன். பின்பக்கம் ஐஎஸ்ஐ முத்திரை ஒட்டியிருந்தது.

"உள்ளுக்குள்ள லேபிள் காணமுங்களே?"

"அது பஞ்சுக்கு அடியில இருக்குமுங்ணா. புதுசுல பிச்சுப் பாத்தா அப்பறம் ஒட்டாது, பாத்துக்கங்."

2,400 ரூபாய். பில் கேட்டேன். பில் போட்டால் ஜிஎஸ்டி சேரும், உங்களுக்கு எதுக்குங் வீண் செலவு என்றார். பெட்டியும் இல்லை, ஒரு பாலிதீன் பையில் போட்டுக் கொடுத்தார். போனிலேயே பணத்தை அனுப்பிவிட்டு வந்துவிட்டேன். அந்தப் பஞ்சை அங்கேயே தூக்கிப் பார்த்திருந்தால் ஒரு நிமிசம் ஆகியிருக்கும். இந்த மூன்று மாதமாக அந்த ஒரு நிமிசத்தைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

விழுந்தது பெரிய இறக்கத்தில் இல்லை. மடை ஒன்றைத் தாண்டும்போது முன்சக்கரம் வண்டித்தடத்தில் இறங்கியது, பயத்தில் முன்பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடித்தான், ஹேண்டில்பாருக்கு மேலே தூக்கிப் போட்டது. நடக்கிற வேகம்தான். தலை முதலில் ஹெல்மெட்டோடு கல்லில் மோதியது. இடதுபக்க வார் அடியோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. ஹெல்மெட் கழன்று வேலியோரம் உருண்டது. உடம்பு புரண்டபோது இரண்டாவது அடி வெறும் தலையில் விழுந்தது. பின்னால் வந்த நான் கண்ணால் பார்த்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இரண்டு தடவை வாந்தி எடுத்தான். ஸ்கேனில் கசிவு ஒன்றும் இல்லை, மூளை அதிர்ச்சிதான் என்றார்கள். ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்பினார்கள். அம்மா வந்து "என்ற சாமிக்கு என்னாச்சு" என்று அழுதது ஒருபக்கம். அக்கா அழவில்லை. "நல்லதாப் பாத்து வாங்கியிருப்பியே தம்பி" என்று மட்டும் கேட்டாள்.

வீட்டுக்கு வந்து அந்த ஹெல்மெட்டைப் பிரித்தேன். பஞ்சுக்கு அடியில் லேபிளும் இல்லை, தயாரித்த மாதமும் இல்லை, மாடல் பெயரும் இல்லை. வெறும் வெள்ளைத் தெர்மாகோல். மேலே இருக்கும் பிளாஸ்டிக் ஓடு டேப் போட்டு ஒட்டியிருந்தது. அதை விடுங்கள், விலை குறைந்த நல்ல ஹெல்மெட்டிலும் அப்படி உண்டு. வாரின் வேர்தான் விசயம். நல்ல ஹெல்மெட்டில் வார், தெர்மாகோலுக்குள் பதித்த கெட்டிப் பிளாஸ்டிக் பிடியில் மாட்டியிருக்கும், அல்லது தலைக்கு மேலாகச் சுற்றிக்கொண்டு வரும். இதில் ஒரு ஓட்டை போட்டு, வாரை உள்ளே விட்டு, சூடு பண்ணி ஊற்றும் பசையால் ஒட்டி வைத்திருந்தார்கள். வலதுபக்கத்தை நான் கையால் இழுத்தேன், அதுவும் வந்துவிட்டது. ஈஎன் 1078, சிபிஎஸ்சி இரண்டிலுமே 4 கிலோ எடையை 60 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு வார் தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். ஏனென்றால் தலையில் நிற்காத ஹெல்மெட் எவ்வளவு கெட்டியாக இருந்தும் புண்ணியமில்லை.

அந்த ஐஎஸ்ஐ முத்திரையும் ஒரு பொய். அதில் அச்சடித்திருந்த எண் ஐஎஸ் 4151. அது மோட்டார் பைக் ஹெல்மெட்டுக்கான தரம். உண்மையான ஐஎஸ்ஐ முத்திரையில் மேலே ஐஎஸ் எண்ணும் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். ஐஎஸ்ஐ முத்திரை தரும் அரசு அமைப்பான பிஐஎஸ்ஸின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த உரிம எண்ணை அடித்தால் எந்தக் கம்பெனி என்று வந்துவிடும். இதில் அந்த எண்ணே இல்லை. மோட்டார் பைக் ஹெல்மெட்டுக்கு 2021 ஜூன் 1 முதல் ஐஎஸ்ஐ இல்லாமல் விற்கவே கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். சைக்கிள் ஹெல்மெட் அந்த உத்தரவுக்குள் வரவில்லை. அந்தச் சந்தில்தான் இந்த மாதிரிச் சரக்கு நுழைகிறது.

உடைந்த ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அவர் சொன்ன முதல் பதில்: "சைக்கிள் ஹெல்மெட் உளுந்தா உடையத்தாங்ணா செய்யும். அதுதான் அதோட வேலை."

இந்தப் பதிலை நீங்களும் கேட்பீர்கள். இதில் பாதி உண்மை இருப்பதால்தான் ஆபத்து. உள்ளே இருக்கும் தெர்மாகோல் நசுங்கி, மோதலின் வேகத்தைத் தான் வாங்கிக்கொள்ளும். ஒரு தடவை நசுங்கினால் மறுபடி உப்பி வராது, அதனால் ஒரு பலத்த அடிக்குப் பிறகு ஹெல்மெட்டை மாற்றித்தான் ஆக வேண்டும். அதெல்லாம் சரி. ஆனால் நசுங்குவதற்கு முன்னால் வார் பிடுங்கிக்கொண்டு வருவது அதன் வேலை இல்லை. இதைச் சொன்னதும், இது எங்கள் கடைச் சரக்கே இல்லை என்றார். போனில் பணம் அனுப்பியதைக் காட்டினேன். அது சர்வீசுக்குக் கொடுத்த பணம் என்றார். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு அம்மா சின்னப் பெண்ணுக்கு அதே ஹெல்மெட்டை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் இருந்ததை அவரிடம் காட்டி, "இது என்ற அக்கா பையன் தலையில இருந்ததுங்க" என்றேன். அவர் வாங்காமல் போனார். கடைக்காரர் என்னை வெளியே போகச் சொன்னார்.

இதன் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது: நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி பில் தராமல் விற்பதே முறையற்ற வணிகம். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்குக் கூப்பிட்டுத் தமிழிலேயே புகார் பதியலாம். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 வருசத்துக்குள் போக வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. நான் 1915இல் பதிந்துவிட்டேன். அதன் பிறகு கடையிலிருந்து ஒரு பையன் போன் செய்து, பணத்தைத் தருகிறோம், அந்த ஹெல்மெட்டைக் கொடுத்துவிடுங்கள் என்றான். கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அது ஒன்றுதான் கையில் இருக்கும் சாட்சி. புகார் நடப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு நான் கெஞ்சிக் கேட்பது: பெட்டியோடு வாங்குங்கள். இறக்குமதிச் சரக்கு என்றால் பெட்டியில் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, மாதம், வருசம், எம்.ஆர்.பி. எல்லாம் சட்டப்படி இருந்தாக வேண்டும். உள்பஞ்சைத் தூக்கி ஈஎன் 1078 என்றோ சிபிஎஸ்சி என்றோ லேபிள் இருக்கிறதா பாருங்கள். வெறும் சிஇ என்று ஐரோப்பிய முத்திரையின் இரண்டு எழுத்து மட்டும் இருந்தால் நம்பாதீர்கள், தர எண் வேண்டும். லேபிளையும் போலியாக அடிப்பார்கள், அதனால் வாரைக் கடைக்காரர் முன்னாலேயே இரண்டு கையாலும் வலுவாக இழுத்துப் பாருங்கள். அவர் முகம் மாறினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். மண் தடத்தில் ஓட்டுகிறவர்கள் பின்மண்டை வரை இறங்கி மூடுகிற மவுண்டன் பைக் ஹெல்மெட்டாகப் பார்த்து எடுங்கள். செங்குத்து இறக்கத்தில் பாய்கிறவர்களுக்கு முகம் முழுக்க மூடுகிறதுதான் சரி. புருவத்துக்கு இரண்டு விரல் மேலே நிற்க வேண்டும், தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல்தான் போக வேண்டும்.

அக்கா மகனுக்குத் தலைவலி நின்றுவிட்டது. டாக்டர் சைக்கிள் ஓட்டலாம் என்று சொன்ன அன்றைக்கே, "மாமா, எப்பப் போலாம்?" என்று கேட்டுக்கொண்டு வந்தான். வேறொரு கடையில், பில்லோடும் பெட்டியோடும் புது ஹெல்மெட் வாங்கியிருக்கிறேன். பஞ்சை அவனே தூக்கிப் பார்த்தான்.

நேற்று எங்களோடு ஓட்டுகிற திருப்பூர் நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். போன வருசம் அவர் தன் மகளுக்கு வாங்கியிருந்தார், வேறு கடை, வேறு கம்பெனிப் பெயர். ராத்திரி பஞ்சைத் தூக்கிப் படம் எடுத்து அனுப்பினார். அதிலும் வெறும் வெள்ளைத் தெர்மாகோல்தான்.