மலக்கசடு மேலாண்மை இணைய வகுப்பு: கழிவுநீர் வேலையில் இருப்பவர்கள் படிக்கலாமா?

சிங்கப்பூரில் கழிவுநீர் சுத்திகரிப்பு வேலையில் எனக்கு இது ஒன்பதாவது வருடம். பம்ப், புளோயர், மெம்பிரேன் என்று கையால் தொட்டு வேலை பார்க்கிறவனுக்கு இணைய வகுப்பில் என்ன கிடைத்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன், அதற்குக் காரணமும் இருந்தது. இரண்டு வருடம் முன்பு ஒரு தனியார் பயிற்சி நிறுவனத்தில் 480 சிங்கப்பூர் வெள்ளி கட்டிச் சேர்ந்தேன், ஸ்லைடில் இருப்பதை வரி விடாமல் வாசித்தார்கள். ஏரேஷன் டேங்கில், அதாவது கழிவுநீருக்குள் காற்றை ஊதும் தொட்டியில், நுரை பொங்கினால் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கேட்டேன். மூன்று வாரம் கழித்து "உங்கள் மேற்பார்வையாளரிடம் கேளுங்கள்" என்று பதில் வந்தது. பணத்தைவிட, நைட் ஷிஃப்ட் முடிந்து தூக்கத்தை விட்டு உட்கார்ந்த நேரம் போனதுதான் வலித்தது.

அப்புறம் நண்பர் ஒருவர் சொல்லி, கோர்செரா என்ற இணைய வகுப்புத் தளத்தில் சுவிட்சர்லாந்தின் ஈவாக் நீர் ஆய்வு நிலையமும் இபிஎஃப்எல் பல்கலைக்கழகமும் சேர்ந்து தரும் மலக்கசடு மேலாண்மை அறிமுக வகுப்பைத் திறந்தேன். மலக்கசடு என்றால் செப்டிக் டேங்கிலும் கழிப்பறைக் குழியிலும் சேர்ந்து கிடக்கும் கழிவு. வீட்டுக் குடிநீர்ச் சுத்திகரிப்பு, கழிப்பிட வசதித் திட்டமிடல், திடக்கழிவு, மலக்கசடு என்று நான்கு வகுப்புகள் கொண்ட வரிசையில் இது ஒன்று. நான் சேர்ந்தபோது காணொளிகளைக் காசில்லாமல் பார்க்க முடிந்தது, சான்றிதழுக்குத்தான் கட்டணம். ஒவ்வொரு காணொளியும் சின்னதாக இருக்கும், பஸ்ஸில் போகும்போதே ஒன்றை முடித்துவிடலாம்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவனுக்கு இந்தப் பாடம் எதற்கு என்று கேட்கலாம். இங்கே கழிப்பறையில் போகிற எல்லாமே குழாய் வழியாக நேரே நிலையத்துக்கு வந்துவிடுகிறது, கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டர் சுரங்கத்தில் புவியீர்ப்பிலேயே ஓடி வருகிற தண்ணீரைத்தான் நாங்கள் பார்க்கிறோம். செப்டிக் டேங்கில் வருடக்கணக்கில் கிடந்து கெட்டிப்பட்டது வேறு சரக்கு, சாக்கடைத் தண்ணீரைவிடப் பத்து முதல் நூறு மடங்கு அடர்த்தி. அதை லாரியில் கொண்டுவந்து சாதாரணச் சுத்திகரிப்பு நிலையத்தில் கொட்டினால் நிலையமே படுத்துவிடும் என்பதை வகுப்பு நிதானமாக விளக்குகிறது. எங்கள் மேற்பார்வையாளர் அண்ணன் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். பேச்சுவாக்கில் இதைச் சொன்னபோது, சின்ன வயதில் வீட்டுக்குப் பின்னால் கழிப்பறை மல வாளியை எடுக்க வந்தவர்களையும் அந்த வண்டியையும் பற்றிச் சொன்னார். சிங்கப்பூரில் அந்த வாளி முறை முழுதாக நின்றது 1987இல்தான். அது எனக்குத் தெரியவே தெரியாது.

என்னை உலுக்கியது தொட்டிகளைப் பற்றிய பாடம். அடித்தளம் இல்லாத தொட்டி செப்டிக் டேங்கே இல்லை, அது வெறும் குழி, கழிவு மண்ணில் இறங்கி நிலத்தடி நீருக்குப் போகிறது என்று படம் போட்டுக் காட்டினார்கள். அன்று இரவே ஊருக்குப் போன் போட்டேன்.

"அப்பா, நம்ம தொட்டிக்கு அடியில தளம் போட்டமா?"

"தளம் போட்டா சீக்கிரம் நெறஞ்சுடுமேப்பா. இருபது வருசமா ஒரு தடவகூட லாரி கூப்பிட்டதில்ல, தெரியும்ல?"

அப்பா பெருமையாகத்தான் சொன்னார். கிணறு அங்கிருந்து பதினைந்து அடிகூட இருக்காது. ஒன்பது வருடமாக யாரோ ஒரு ஊரின் தண்ணீரைச் சுத்தம் செய்கிற நான் என் வீட்டுத் தொட்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேட்டதே இல்லை.

கசடைக் காயவைக்கும் உலர்களம் பற்றிய பகுதியும் அருமை. ஜல்லி, மேலே மணல், அதன்மேல் கசடு. தண்ணீர் கீழே வடிந்து குழாயில் போகும், மீதி வெயிலில் காயும், வடிந்த தண்ணீரைத் தனியாகச் சுத்திகரிக்க வேண்டும். மின்சாரம் பெரிதாகத் தேவையில்லை. செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் இருக்கும் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையத்திலும் இதே உலர்களங்கள்தான். ஈவாக் குழு டக்கார், கம்பாலா போன்ற ஆப்பிரிக்க நகரங்களில் காய்ந்த கசடைத் தொழிற்சாலைகளுக்கு எரிபொருளாக்க முடியுமா என்றும் ஆராய்ந்திருக்கிறது.

இது அறிமுக வகுப்புதான், இயந்திரம் ஓட்டக் கற்றுத்தராது. கணக்கோடு ஆழமாகப் படிக்க நினைப்பவர்கள் எட்எக்ஸ் என்ற இன்னொரு தளத்தில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தின் நகர்ப்புறக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு வகுப்பைப் பாருங்கள். பேச்சு ஆங்கிலம்தான், ஆனால் நிதானமாகப் பேசுகிறார்கள், வேகத்தைக் குறைத்து இரண்டு முறை கேட்டால் நம் ஆட்களுக்குப் புரியும். தமிழில் இப்படி ஒரு வகுப்பு வந்தால் ஊரில் செப்டிக் டேங்க் லாரி ஓட்டுகிறவர்களுக்கும் கொத்தனார்களுக்கும்தான் முதலில் காட்டுவேன், தொட்டிக்குள் ஆள் இறங்கக் கூடாது என்பதையும் சேர்த்து.

நான் டிசம்பரில் ஊருக்குப் போகிறேன். கொத்தனாரிடம் பேசி வைக்க அப்பா ஒத்துக்கொண்டார், அதுவரை கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.