ஆமையா, கொக்கா, பூனையா, அணிலா?

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் யோகப் பயிற்சிக்கூடம் திறக்கவிருக்கும் நண்பர், பெயர்ப்பலகைக்குச் சிரிப்பூட்டும் விலங்குச் சின்னம் ஒன்று வேண்டுமென்று நான்கு படங்களை வரையவைத்து என்னிடம் காட்டினார்.

தகுதியில் ஆமையே மூத்தது. கூர்மாசனம் அதன் பெயரால் அமைந்தது. 'ஒருமையுள் ஆமைபோல் ஐந்தடக்கல் ஆற்றின்' என்று 126ஆம் குறளே அதற்குச் சான்று வழங்கியிருக்கிறது. ஆனால் ஓவியர் வரைந்திருப்பது, ஆண்டின் தொடக்க மாதங்களில் நம் கரைக்கு முட்டையிட வரும் கடலாமையை. கடலாமையால் தலையையும் துடுப்புகளையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ள இயலாது. ஐந்தையும் அடக்குவது குளத்து ஆமையே. இந்தப் படத்தின் கீழ் அந்தக் குறளை எழுதினால் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்கள். குளத்து ஆமையாகத் திருத்தி, ஐந்தையும் அடக்கிய நிலையில் வரைந்தாலோ, பலகையில் எஞ்சுவது கவிழ்த்து வைத்த சட்டிதான்.

கொக்குக்குப் பகாசனம் உண்டு, ஊசுட்டேரிக்குப் போனால் நேரிலும் பார்க்கலாம். எனினும் உறுமீன் வரும்வரை வாடியிருக்கும் அதன் அமைதியை அறியாத தமிழர் இல்லை. வாசலில் கொக்கு நின்றால் உள்ளே வருபவர் மீனாகிவிடுவார்.

பூனையின் சிக்கல் இன்னும் பழையது. மாமல்லபுரத்துத் தவப்பாறையில் முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்யும் பூனையும், அதனருகே எலிகளும் 7ஆம் நூற்றாண்டிலேயே செதுக்கப்பட்டுவிட்டன. அச்சிற்பத்தின் குறும்பு எனக்கு மிகவும் பிடிக்கும்; ஆயினும் மாதக் கட்டணம் வாங்கும் ஆசிரியர் அக்கேலியைத் தம் வாசலில் தாமே மாட்டிக்கொள்வது அத்தனை புத்திசாலித்தனமல்ல.

அணிலின் பெயரில் புகழ்பெற்ற ஆசனம் எதையும் நான் கேட்டதில்லை, அணிலால் ஒரு கணமும் அசையாமல் இருக்கவும் முடியாது. ஆயினும் என் வாக்கு அதற்கே. புதுச்சேரியின் மாநில விலங்கு என்பது ஒரு காரணம். முதுகின் மூன்று கோடுகள் சிறு முத்திரையிலும் தெளிவாகத் தெரியும் என்பது இன்னொன்று. பின்னங்கால்களைக் கணுக்காலோடு பின்புறம் திருப்பி மரத்தைப் பற்றிக்கொண்டு, தலைகீழாக இறங்கும் அதன் லாகவமோ சிரசாசனம் பழகுவோரைப் பொறாமைப்பட வைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் நாள் கண்மூடி அமர்ந்து, மூக்கு அரிப்பதாகவும் அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்ததாகவும் நினைத்து நெளியும் மாணவருக்கு நிகரான உருவம் அதுதான்.

பத்மாசனத்தில் அமர்ந்த அணிலுக்கு இரு கண்களையும் மூடியே வரைந்திருந்தார்கள். வலக்கண்ணைச் சற்றே திறந்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.