ட்யூஷன் சென்டர் கல்லாவில் வாட்ஸ்ஆப் பிசினஸ்: ஒரு மதிப்பீடு

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்கு எண் தெரியாது. மாட்டு வியாபாரத்தில் அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது, ஒரு மாடு மாதிரி இன்னொரு மாடு இருக்காது. கணக்கு எழுதும் சாஃப்ட்வேரான டேலியைச் சொல்லித் தரும் அறுபது மணி நேர வகுப்புக்கு என்ன நியாயம்? இருந்தும் திருப்பூர், ஈரோடு, கோவைப் பக்கம் உள்ள சின்னச் சின்ன கோச்சிங் சென்டர்களின் இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்தால், "ஃபீஸ் விவரத்துக்கு டிஎம் செய்யவும்", அதாவது தனியாக மெசேஜ் போட்டுக் கேட்கவும் என்றுதான் போட்டிருக்கும். துண்டு மட்டும் மாறியிருக்கிறது.

அந்த டிஎம் கடைசியில் வந்து சேரும் இடம் பெரும்பாலும் வாட்ஸ்ஆப் பிசினஸ். 2018 முதல் புழக்கத்தில் இருக்கும் இலவச ஆப். மளிகைக்கடைக்கும் ஜவுளிக்கடைக்கும் அது எப்படி உதவுகிறது என்பது வேறு கணக்கு. வகுப்பு விற்பவருக்கு, அதுவும் விலையையும் நிபந்தனையையும் முன்னாலேயே சொல்லி விற்க நினைப்பவருக்கு அது எவ்வளவு தோதுப்படும் என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம். சுருக்கமாகச் சொன்னால், கேட்டலாக், க்விக் ரிப்ளை, லேபிள் மூன்றும் நேர்மையாக விற்பவருக்கு நல்ல கருவிகள். ஸ்டேட்டஸும் பிராட்காஸ்டும் கை நழுவ வைக்கும் இடங்கள்.

முதலில் நம்பர். பலர் சறுக்குவது இங்கேதான். ஒரே நம்பரைச் சாதாரண வாட்ஸ்ஆப்பிலும் பிசினஸ் ஆப்பிலும் ஒரே நேரத்தில் ஓட்ட முடியாது. அதனால் தங்கள் சொந்த நம்பரை விட்டுவிட்டு, அட்மிஷன் பார்க்கும் ஊழியரின் நம்பரிலேயே தொடங்கிவிடுகிறார்கள். அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் விசாரித்தவர்களின் நம்பர்கள், கொடுத்த வாக்குறுதிகள், தவணை பேசிய பேச்சு எல்லாம் அவரோடு போய்விடும். சென்டர் பெயரில் ஒரு சிம் வாங்குங்கள். ஆபீசில் லேண்ட்லைன் இருந்தால் அதுவே போதும். 0421, 0422 நம்பரைக் கொடுத்து, எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில் போன் அழைப்பில் சரிபார்ப்புக் குறியீட்டைக் கேட்டுப் பதியலாம். போர்டில் ஏற்கனவே எழுதியிருக்கும் நம்பரே வாட்ஸ்ஆப் நம்பராகவும் ஆகிவிடும்.

அடுத்து கேட்டலாக், அதாவது விற்பதை விலையோடு அடுக்கிக் காட்டும் பட்டியல். இந்த ஆப்பில் வகுப்பு விற்பவருக்கு உருப்படியான இடம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும். 500 பொருள் வரை ஏற்றலாம், ஒவ்வொன்றுக்கும் 10 படம் வரை வைக்கலாம். சென்டருக்கு நாலு போதும், ஒரு கோர்ஸுக்கு ஒரு அட்டை. விலைக் கட்டத்தைக் காலியாக விட ஆப் அனுமதிக்கிறது. அங்கேதான் துண்டு திரும்ப வருகிறது. நிரப்புங்கள். நிரப்பிய அட்டை இப்படி இருக்கலாம்:

"டேலி பிரைம், ஜிஎஸ்டி. மாலை பேட்ச். திங்கள் முதல் வெள்ளி வரை 6.30–7.30, 12 வாரம், மொத்தம் 60 மணி நேரம். கட்டணம் ரூ.6,000. புத்தகம் ரூ.350. இதற்கு மேல் எதுவும் இல்லை. ஒரு கம்ப்யூட்டருக்கு ஒருவர், பேட்சுக்கு 20 பேர். பாடம் எடுப்பவர் பி.காம்., ஆடிட்டர் ஆபீசில் 6 வருடம் வேலை பார்த்தவர். முதல் 2 வகுப்பு பணம் கட்டாமல் உட்கார்ந்து பார்க்கலாம். நடுவில் நின்றால் மீதி மணி நேரத்துக்கான பணம் 10 நாளில் திரும்பும், புத்தகப் பணம் திரும்பாது. வேலை வாங்கித் தருவதாக உறுதி சொல்வதில்லை. ஆள் கேட்டு வரும் கம்பெனிகளின் விவரத்தைச் சொல்வோம்."

இதில் வீண் வரி ஒன்றும் கிடையாது. 'மூன்று மாத கோர்ஸ்' என்று மட்டும் எழுதினால், லீவு விட்டது போக 40 மணி நேரம் நடந்தாலும் கேட்க வழியில்லை. மணிக் கணக்கு போட்டால்தான் அளவு. அந்த மணிக் கணக்கு இருந்தால்தான் பணம் திருப்பித் தரும் கணக்கும் நிற்கும். 15 மணி நேரம் வந்துவிட்டு நிற்பவருக்கு 6,000-ஐ 60-ஆல் வகுத்து, மீதி 45-ஆல் பெருக்கினால் 4,500 ரூபாய். வாசலில் நின்று வாக்குவாதம் செய்ய ஒன்றும் மிச்சமிருக்காது. 10 நாள் என்பதும் சும்மா போட்டதல்ல. மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் மாநிலங்களுக்கு அனுப்பிய கோச்சிங் சென்டர் வழிகாட்டுதலில், முழுப் பணம் கட்டி நடுவில் விலகும் மாணவருக்கு மீதியை 10 நாளுக்குள் தரச் சொல்லியிருக்கிறது.

ஜிஎஸ்டி விஷயத்தில் பெரிய சென்டர்களும் விளையாடுகின்றன. கோச்சிங்குக்கு 18 சதவீதம். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்து பதிவு செய்யாதவர், 'ஜிஎஸ்டி' என்று சொல்லி ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பதிவு செய்தவர் விலைக் கட்டத்தில் 7,080 என்றே போட வேண்டும். 6,000 என்று விளம்பரம் செய்து, ஆள் பைக்கை எடுத்துக்கொண்டு அவிநாசியிலிருந்து வந்து கவுண்டரில் நின்றபின் 1,080-ஐச் சேர்ப்பதற்கு 'ட்ரிப் ப்ரைசிங்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். 2023 நவம்பர் 30-ல் மத்திய அரசு அறிவித்த 13 ஏமாற்று உத்திகளில் இதுவும் ஒன்று. விளம்பரத்தில் 999, உள்ளே வந்தால் 'அது டெமோ கோர்ஸுங்க, மெயின் கோர்ஸ் ஆறாயிரம்' என்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது.

அட்டையை ஏற்றியதும் உடனே தெரியாமல் போகலாம். வாட்ஸ்ஆப்பை நடத்தும் மெட்டா கம்பெனியின் பரிசீலனை முடிந்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரியும். ஆகவே பேட்ச் தொடங்கும் நாள் காலையில் ஏற்ற உட்காராதீர்கள். 'கார்ட்டில் சேர்' பட்டன் டியூஷனுக்குப் பொருந்தாது. பெற்றோர் இரண்டு கோர்ஸைக் கூடையில் போட்டு அனுப்பிவிட்டு, பணம் கட்டியாச்சு என்று நினைத்துக்கொள்வார்கள். செட்டிங்ஸில் அணைத்துவிடலாம்.

க்விக் ரிப்ளை 50 வரை எழுதி வைக்கலாம். '/' அடித்து ஒரு சுருக்கச் சொல்லைப் போட்டால் முழுப் பதிலும் வந்துவிடும். ராத்திரி 9.40-க்கு ஒரு தகப்பனார், "ஏனுங் சார், டேலிக்கு ஃபீஸ் எவ்ளோங்?" என்று கேட்கிறார். வழக்கமாகப் போகும் பதில்: "வணக்கம் சார், எங்கள் கவுன்சிலர் உங்களைத் தொடர்பு கொள்வார்." கேட்டது எண், வந்தது கவுன்சிலர். எழுதி வைக்க வேண்டியது இது:

"வணக்கங்க. மாலை பேட்ச் ரூ.6,000, புத்தகம் ரூ.350. சேரும்போது 3,000, ஆறாவது வாரம் 3,000-னு ரெண்டு தவணையாக் கட்டலாங்க. நேரம், நிபந்தனை எல்லாம் கேட்டலாக்ல இருக்குங்க. பாத்துட்டுக் கேளுங்க."

இன்னொன்றும் எழுதி வையுங்கள். பலருக்கு மனசு வராது: "நீங்க காலேஜ்ல டேலி படிச்சிருந்தா இந்த கோர்ஸ்ல முதல் 25 மணி நேரம் தெரிஞ்சதுதாங்க. உங்களுக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் மட்டும் போதும், 20 மணி நேரம், ரூ.2,500." ஆயிரக்கணக்கில் வரவு குறையும், உண்மைதான். ஆனால் தெரிந்ததையே படித்து மூன்றாவது வாரம் நின்று, பணத்தைத் திருப்பிக் கேட்பவர் ஒருவர் குறைவார்.

தானியங்கி வரவேற்புச் செய்தியில் ஒரு கோளாறு உண்டு. முதல்முறை எழுதுபவருக்கு மட்டுமல்லாமல், 14 நாள் பேச்சில்லாமல் இருந்தவருக்கும் அது போகும். இரண்டாம் தவணை கட்ட நம்பர் கேட்கும் பழைய பெற்றோருக்கு "எங்கள் சென்டருக்கு நல்வரவு!" என்று போனால் எப்படி இருக்கும்? பெறுபவர் பட்டியலில், 'போன் புத்தகத்தில் இல்லாதவர்களுக்கு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். வெளியே இருக்கும்போது போகும் அவே மெசேஜ், போனில் இன்டர்நெட் இருந்தால்தான் போகும். சனிக்கிழமை சாயங்காலம் வைஃபையை அணைத்துப் பூட்டிவிட்டுப் போனால், ஞாயிறு முழுக்கக் கேட்டவர்களுக்கு ஒரு பதிலும் போகாது.

உரையாடல்களை வகை பிரித்து ஒட்டும் லேபிள் 20 வரை வைக்கலாம். 'புதிய வாடிக்கையாளர், புதிய ஆர்டர்' என்று ஆப் தரும் பெயர்கள் கடைக்கு ஆனவை. மாற்றி, 'மாலை: கேட்டவர்', 'மாலை: டெமோ வந்தவர்', 'மாலை: கட்டியவர்', 'வேண்டாம் என்றவர்' என்று வையுங்கள். ஒவ்வொரு லேபிளிலும் எத்தனை பேர் என்ற எண் தெரியும். 'கட்டியவர்' 17 என்றால், 20 நாற்காலியில் மூன்று மிச்சம். "இன்னும் 3 இடம்" என்று அன்றைக்கு ஸ்டேட்டஸில் போடலாம், அது தகவல். அந்த எண்ணைப் பார்க்காமல் வருஷம் பூராவும் "3 இடம் மட்டுமே" என்று ஓட்டினால், அது போலி அவசரம். 'வேண்டாம் என்றவர்' லேபிள் அவர்களைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதற்கு. மறுபடி மறுபடி எழுதினால் பிளாக் செய்வார்கள், ரிப்போர்ட் அடிப்பார்கள். அது சேர்ந்தால் நம்பரே முடங்கும்.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். விலைக்கு வாங்கிய பிளஸ் டூ மாணவர் நம்பர் பட்டியலை வைத்துக்கொண்டு இங்கே ஒன்றும் செய்ய முடியாது. இதை ஒரு குறையாகச் சொல்பவர்கள் உண்டு. இந்த ஆப்பின் நல்ல குணங்களில் ஒன்றாகவே இதைச் சேர்க்க வேண்டும்.

ஸ்டேட்டஸுக்கு வருவோம். பெற்றோர் அனுப்பிய பாராட்டின் ஸ்கிரீன்ஷாட், மாணவர் போட்டோ, மார்க், பட்டாசு எமோஜி. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பர் 13-ல் கோச்சிங் விளம்பரங்களுக்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டது. 50 மாணவருக்கு மேல் உள்ள சென்டர்களைக் குறிவைத்தது, ட்யூஷனும் அதில் அடங்கும். ஜெயித்த மாணவரின் பெயரையும் படத்தையும் போட எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதத்தை அவர் ஜெயித்த பிறகே வாங்க வேண்டும். அட்மிஷன் பாரத்தின் கடைசி வரியில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைத்தது செல்லாது. அவர் எந்தக் கோர்ஸ் படித்தார், எவ்வளவு காலம், காசு கட்டிப் படித்தாரா என்பதும் படத்தோடு இருக்க வேண்டும். நாமக்கல் பக்கம் ஒரே முகம் நாலு பேனரில் சிரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த விதி ஏன் வந்தது என்று விளக்கத் தேவையில்லை. வருஷம் முழுக்க ஹாஸ்டலில் இருந்து படித்தவரையும், கடைசி இரண்டு வாரம் மாதிரித் தேர்வு மட்டும் எழுதியவரையும் ஒரே மாதிரி காட்டுவதைத் தடுக்கத்தான். நிபந்தனை எழுத்தும் பெரிதாகச் சொன்னதன் அளவிலேயே இருக்க வேண்டும், அடியில் எறும்பு எழுத்தில் போடக் கூடாது. தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முதல்முறை 10 லட்சம் வரை, திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். பெற்றோர் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் கூப்பிட்டுப் புகார் சொல்லலாம்.

ஒருவர் முகத்துக்குப் பதில் முழுப் பேட்சின் கணக்கைப் போடலாம்: "சேர்ந்தவர் 20, முடித்தவர் 16, தேர்வு எழுதியவர் 15, தேறியவர் 12." கவர்ச்சியில்லாத ஸ்டேட்டஸ்தான். ஆனால் நாலு பேர் ஏன் நின்றார்கள் என்று கேட்டு வருபவர்தான் சேர நினைப்பவர். அதற்குப் பதில் கையில் இருக்கட்டும்.

வகுப்பு குரூப்பில் ஒரு எச்சரிக்கை. 'அட்மின் மட்டும் எழுதலாம்' என்று வைத்தாலும் உறுப்பினர்களின் நம்பர் எல்லோருக்கும் தெரியும். பெண்கள் படிக்கும் பேட்சில் இதனால் வரும் தொல்லையைச் சொல்ல வேண்டியதில்லை. பல குரூப்பை ஒன்றாகச் சேர்க்கும் 'கம்யூனிட்டி' ஆரம்பித்து அதன் அறிவிப்புக் குழுவை மட்டும் பயன்படுத்தினால் நம்பர்கள் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது.

ஒரு குறை உண்மையிலேயே உறுத்துகிறது. போனோடு நாலு சாதனம் வரை இணைக்கலாம் என்றாலும், இலவசக் கணக்கில் எந்தப் பதிலை எந்த ஊழியர் அனுப்பினார் என்று தெரியாது. "ஐநூறு குறைச்சுக்கலாங்க" என்று எழுதியது யார் என்ற சண்டை வரும். பதிலின் முடிவில் அவரவர் இனிஷியலைப் போடும் பழக்கம் வேண்டும். போனில் பேசி ஒப்புக்கொண்டதையும் அன்றைக்கே ஒரு வரியாக எழுதி அனுப்ப வேண்டும். வாய்ஸ் மெசேஜில் சொன்ன தள்ளுபடியை ஆறு வாரம் கழித்துத் தேடி எடுக்க முடியாது.

ஐந்துக்கு நாலு கொடுக்கலாம். இருநூறு மாணவருக்குள் இருக்கும் சென்டருக்கு, பெரிய கம்பெனிகள் தங்கள் சாஃப்ட்வேரோடு வாட்ஸ்ஆப்பை இணைக்கப் பயன்படுத்தும், செய்திக் கணக்கில் காசு பிடிக்கும் ஏபிஐ சேவைகள் தேவையில்லை. நம்பர் மாற்றுவது, அட்டை ஏற்றுவது, பதில்கள் எழுதுவது எல்லாம் சேர்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. அதை ஏப்ரலிலேயே முடித்துவிடுங்கள். பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் உட்கார்ந்தால், விலைக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் தோன்றும்.