கெட்டிமேளம் நின்ற அரை வினாடி: புளூ-ரே ரைட்டருடன் பத்து ஆண்டுகள்

சென்ற மாதம் என் கணினியிலுள்ள புளூ-ரே ரைட்டரின், அதாவது உயர்தரக் காணொளியை இறுவட்டில் எழுதும் கருவியின், தட்டு வெளியே வர மறுத்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு முனகல் கேட்கும், தட்டு ஒரு நூலளவு அசையும், பிறகு மீண்டும் அமர்ந்துவிடும். திருகோணமலை மத்திய வீதியில் பழைய ரேடியோ, டெக் எல்லாம் திருத்தும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் கடதாசிக் கிளிப் ஒன்றை நிமிர்த்தி முகப்பிலிருந்த ஊசித்துளையில் செருகித் தட்டை வெளியே இழுத்தார், மேல்மூடியைக் கழற்றினார், சிறுமியின் கைவிரல் மோதிரம் அளவே இருந்த கறுப்பு ரப்பர் பட்டியை நகத்தால் சுண்டிக் காட்டினார். கடற்கரை ஊரின் வெக்கையில் அது இளகித் தொய்ந்துபோயிருந்தது. செத்துப்போன டிவிடி பிளேயர் ஒன்றின் வயிற்றிலிருந்து அதே அளவுப் பட்டியை எடுத்து மாட்டிக் கொடுத்தார். கால் மணி நேர வேலைதான்.

இதைக் கேள்விப்பட்ட நண்பன் ஒருவன் அன்றிரவே கேட்டான்: "நீ இன்னும் இறுவட்டிலதான் எழுதுறியா? கொழும்பில ரைட்டர் ஒண்டு பாதி விலைக்கு வருது, எடுக்கட்டா?" ஒற்றைச் சொல்லில் பதில் அனுப்பியிருக்கலாம். பத்து ஆண்டு வயிற்றெரிச்சல் ஒற்றைச் சொல்லில் அடங்காது என்பதால் இதை எழுதுகிறேன்.

இந்த ரைட்டரை 2015இல், தங்கையின் திருமணத்துக்குச் சில வாரங்கள் முன்னர் வாங்கினேன். ஓர் அடுக்கு இறுவட்டில் 25 ஜிகாபைட் பிடிக்கும் (கணினி அதையே 23.3 என்று காட்டிப் புதியவர்களைக் கலங்கடிக்கும், பைட்டுகளை எண்ணும் முறைதான் வேறு, இடம் குறையவில்லை). என் கமரா 1080 வரி, வினாடிக்கு 50 அரைச்சட்டகங்கள் (இரண்டு சேர்ந்தால் ஒரு சட்டகம், அதாவது ஒரு முழுப் படம்), வினாடிக்கு 24 மெகாபிட் என்ற உச்சத் தரத்தில் பதிவது. அந்தக் கணக்கில் ஓர் இறுவட்டில் ஏறத்தாழ இரண்டே கால் மணி நேரம் அடங்கும். கமரா தந்த காணொளி ஓட்டத்தை மறுபடி சுருக்காமல் அப்படியே டிஎஸ் மக்சர் என்ற மென்பொருளில் இட்டால் இறுவட்டுக்குரிய கோப்புறை அமைப்பு சில நிமிடங்களில் உருவாகிவிடும். பிறகு இறுவட்டு எழுதும் மென்பொருளான இம்க்பேர்னில் யூடிஎஃப் 2.50 என்ற கோப்பு முறையைத் தெரிவுசெய்து எழுதவேண்டியதுதான். இம்க்பேர்னின் கடைசிப் பதிப்பு 2013இல் வந்தது. அதற்குப் பிறகு அதை எவரும் தொடவில்லை, எனக்கு அது ஒருமுறையும் கைகொடுக்காமல் விட்டதில்லை.

படத்தின் தரத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. திருமணத்துக்குக் கூலிக்கு அமர்த்திய ஒளிப்பதிவாளர் இறுதியில் டிவிடி ஒன்றையே தந்தார். டிவிடியின் சட்டகம் 720க்கு 576 புள்ளிகள், புளூ-ரேயினது 1920க்கு 1080. பெருக்கிப் பார்த்தால் சரியாக ஐந்து மடங்கு. அவருடைய டிவிடியில் கூறைச் சேலையின் சரிகைக் கரை எறும்புச் சாரைபோல் நெளிந்துகொண்டிருந்தது. என்னுடைய இறுவட்டில் அதே கரையில் மாங்காய்க் கொடிகளை எண்ணலாம். கடல் அதைவிடப் பெரிய சோதனை. ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் மாறியதை மட்டும் குறித்துக்கொண்டு இடத்தை மிச்சம்பிடிப்பதே காணொளிச் சுருக்கத்தின் வித்தை. அலையில் எல்லாமே மாறிக்கொண்டிருப்பதால் அந்த வித்தை அங்கே திணறும். கோணேசர் கோயிலுள்ள சுவாமி மலையில், இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவுப் பக்கமாகக் கமராவைக் குனித்து எடுத்த கடல், குறைந்த தரத்தில் நீலச் சதுரங்களாக உடைந்தது. 24 மெகாபிட்டில் நுரை நுரையாகவே இருக்கிறது.

ஆனால் நான் எழுத வந்தது கெட்டிமேளத்தைப் பற்றி.

மணமகளின் அண்ணன் என்பதால் பொரியிடவும் வேறு பல எடுபிடிகளுக்கும் என்னை அழைப்பார்கள் என்று தெரிந்து, கமராவை மணவறைக்கு எதிரே முக்காலியில் நிறுத்தி, தொடக்கத்தில் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு அகன்றேன். அது தன்பாட்டில் இடைவிடாமல் ஓடியது. என் கமரா ஒரு நீண்ட பதிவை ஒரே கோப்பாக வைப்பதில்லை; 2 ஜிகாபைட் சேர்ந்தவுடன் அந்தக் கோப்பை மூடிவிட்டு அடுத்ததைத் தொடங்கும். உச்சத் தரத்தில் அது 11, 12 நிமிடத்துக்கு ஒருமுறை நிகழும். நான் கார்டிலிருந்து கோப்புகளை மட்டும் எலியால் இழுத்துக் கணினியில் போட்டு, வரிசையாக அடுக்கி, இறுவட்டில் எழுதினேன். வரவேற்பறையில் எல்லோரும் கூடியிருந்து பார்த்தோம். ஐயர் கையை உயர்த்திக் கெட்டிமேளம் என்றார்; தவிலும் நாதஸ்வரமும் எழுந்தன; மாப்பிள்ளை தாலியை எடுத்துக் கழுத்தருகே கொண்டுபோனார். அந்த இடத்தில், எட்டாவது கோப்பு முடிந்து ஒன்பதாவது தொடங்குமிடத்தில், அரை வினாடி ஒரு சத்தமும் இல்லை. பிறகு மேளம் மறுபடியும் முழங்கியது.

வேறெந்த நேரமாயிருந்தாலும் எவரும் கவனித்திருக்கமாட்டார்கள். தாலி ஏறும் நேரத்தில் தும்மலோ அபசொல்லோ காதில் விழக்கூடாது என்பதற்காகவே கெட்டிமேளம் கொட்டுகிறார்கள். அந்த மேளம் அந்த இடத்தில் நிற்பதென்றால் அதை என் அம்மாவுக்குத் தொழில்நுட்பக் கோளாறு என்று விளக்க இயலாது.

"தம்பி, மேளம் ஏன் நிண்டது?"

"நிக்கேல்லை அம்மா, அது பைல் மாறுற இடம்."

"அண்டைக்கு நிக்கேல்லை. இதில நிக்குது."

மறுக்க முடியாத வாதம் அது. காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. கமரா கோப்பைப் பிரிக்கும்போது ஓட்டத்தை அளவு பார்த்து வெட்டுகிறதே தவிர, ஒலியும் படமும் எங்கே முடிகின்றன என்று பார்த்து வெட்டுவதில்லை. என் கமராவின் டால்பி ஒலியில் ஒரு துண்டு 32 மில்லி வினாடி நீளம். 25 சட்டகக் கணக்கில் படத்தின் ஒரு சட்டகம் 40 மில்லி வினாடி. இரண்டும் ஒரே இடத்தில் முடிவது 160 மில்லி வினாடிக்கு ஒருமுறைதான். ஆகவே வெட்டு விழும் இடத்தில் பெரும்பாலும் ஏதாவதொன்று பாதியில் நிற்கும். அதன் மறுபாதி அடுத்த கோப்பின் தலையில் இருக்கும். இரண்டு கோப்புகளையும் தனித்தனிக் காணொளிகளாகத் திறக்கும் மென்பொருள், இந்தப் பக்கத்து வாலையும் அந்தப் பக்கத்துத் தலையையும் குறையென்று எறிந்துவிட்டு, முழுமையான சட்டகம் கிடைக்கும்வரை காத்திருந்து தொடரும். மறுகரையில், முந்தைய சட்டகத்தைச் சாராத முழுச்சட்டகம் தள்ளி இருந்தால் இடைவெளி அரை வினாடிவரை நீளும்.

மருந்து வெட்கப்படும் அளவுக்கு எளியது. கமராவோடு வந்த மென்பொருளைக்கொண்டு கார்டை முழுதாக இறக்கினால் அதுவே துண்டுகளைச் சேர்த்துத் தரும். இல்லையென்றால் விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் கோப்புகளை இரும முறையில் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டும் பழைய காப்பி கட்டளை ஒன்றே போதும். வெட்டிய இடத்திலேயே ஒட்டுவதால் பாதியும் பாதியும் சேர்ந்துகொள்ளும், ஒரு துளியும் தொலையாது. ஒருமுறை எழுதினால் அழிக்க முடியாத இறுவட்டுகள் மூன்றை வீணாக்கிய பிறகே இந்த ஒரு வரிக் கட்டளைக்கு வந்து சேர்ந்தேன். அந்த மூன்றின் விலையை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. கமராவின் கையேட்டில் ஓரத்திலாவது ஒரு வரி எழுதியிருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்?

அதற்குள் மேளம் நின்ற இறுவட்டின் பிரதிகள் இலண்டனுக்கும் ஜேர்மனிக்கும் கனடாவுக்கும் தபாலில் போய்விட்டன. இலண்டனில் எவரும் கவனிக்கவில்லை. ஜேர்மனியிலிருந்து சித்தப்பா அழைத்து, தாலி கட்டும்போது உங்கள் வீட்டில் மின்சாரம் போனதா என்று கேட்டார். கனடாவில் அந்த இறுவட்டு ஓடவே இல்லை. நமது 50 அரைச்சட்டகப் பதிவை வட அமெரிக்காவில் விற்கப்படும் பல பிளேயர்கள் ஏற்பதில்லை. அங்கு வழக்கிலுள்ளது 60. வீட்டில் எழுதிய இறுவட்டுக்கு, குறித்த நாடுகளில் மட்டும் ஓடவிடும் பிராந்தியப் பூட்டு இல்லை என்ற தைரியத்தில் இந்த வேறுபாட்டை நான் மறந்துபோனேன். ஆகவே பின்னர் ஒட்டிச் சேர்த்த முழுக் கோப்பை பென்ட்ரைவில் அனுப்பினேன், அவர்கள் அதைக் கணினியில் பார்த்தார்கள். எங்கள் குடும்பத்தில் கனடாவில் மட்டும் மேளம் ஒருபோதும் நின்றதில்லை.

நியாயமாகப் பேசினால் இதில் ரைட்டரின் குற்றம் எதுவும் இல்லை. கொடுத்ததை அது அப்படியே எழுதியது. நாலு மடங்கு வேகத்தில் முழு இறுவட்டு எழுதி முடிய 23, 24 நிமிடம். சரிபார்க்க மேலும் ஏறத்தாழ அவ்வளவு. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்த காலத்திலும், மின்வெட்டு அட்டவணையைப் பார்த்து இடைவெளிக்குள் எழுதினேன். யூபிஎஸ் மின்கலம் கிழடு தட்டியிருந்ததால் ஓர் இறுவட்டு பாதியில் போனது, அதற்கும் ரைட்டரைக் குறைசொல்ல முடியாது. மலிவென்று வாங்கிய கரிமச் சாயப் பூச்சுள்ள இறுவட்டுகள் ஐந்தில் இரண்டு நான்கு ஆண்டுகளில் திக்கத் தொடங்கின. அந்த வகை வெளிச்சத்துக்கும் வெப்பத்துக்கும் நலிவது என்பதை அறியாமல், யன்னலோர அலுமாரியில் அடுக்கியது நான். சாதாரண வகையில் எழுதியவை எல்லாம் இன்றும் ஓடுகின்றன. புளூ-ரேயில் தரவு அடுக்கு மேற்பரப்புக்கு 0.1 மில்லிமீற்றர் கீழேதான் இருக்கிறது, டிவிடியில் 0.6; அதனால் கீறல் விழாதிருக்கக் கடினப் பூச்சு கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பூச்சு என் மருமக்கள் இருவரின் கைகளையும் தாக்குப்பிடித்திருக்கிறது. இதற்குமேல் பாராட்டு வேண்டியதில்லை.

இறுவட்டை நான் விடாமலிருப்பதற்குக் காரணம் அம்மாதான். பென்ட்ரைவைத் தொலைக்காட்சியில் செருகினால் கோப்புப் பெயர்கள் பூச்சியங்களும் எண்களுமாக வரும். சிலவற்றுக்குப் படம் வரும், ஒலி வராது. கைத்தொலைபேசியில் எடுத்தது என்றால் எங்கள் பழைய தொலைக்காட்சி ஏற்க மறுக்கும். இறுவட்டுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. பெட்டியின் மேல் நான் தமிழில் எழுதி ஒட்டிய பெயரைப் பார்த்து எடுப்பார், பிளேயரில் வைப்பார்; தொலைக்காட்சி தானாகவே விழித்துக்கொள்ளும், தொலைக்காட்சியின் றிமோட்டாலேயே பிளேயரையும் நடத்தலாம். பத்து நிமிடத்துக்கு ஓர் அத்தியாயமாக நான் பிரித்து வைத்திருப்பதால், எந்த அத்தியாயத்தில் எந்த உறவினர் வருவார் என்பது அவருக்கு மனப்பாடம். திருமண இறுவட்டில் ஒன்பதாவது அத்தியாயத்தை மட்டும் முழுதாகப் பார்ப்பார். திருத்திய பிரதி கைக்கு வந்து பத்து ஆண்டாகியும், ஐயர் கையை உயர்த்தும் நேரத்தில் அவர் திரையைப் பார்ப்பதில்லை, என்னைப் பார்க்கிறார்.

எனக்கு இன்னும் கோபம் தணியாததற்குக் காரணம், இது ஒருமுறையோடு முடியாததே. கோயில் திருவிழா, பிறந்தநாள், அரங்கேற்றம் என்று உறவினர்கள் கொண்டுவரும் கோப்புகள் ஒவ்வொரு முறையும் தனித்தனியாக இழுத்துப் போட்டவையாகவே வருகின்றன, சில வேளை நடுவில் ஒன்றைக் காணவில்லை. கைத்தொலைபேசிப் பதிவு இன்னொரு தலைவலி. வினாடிக்கு 30 சட்டகம் என்று சொல்லிக்கொண்டு அது வெளிச்சத்துக்கேற்ப ஏறி இறங்கும். அதை இறுவட்டின் கட்டுக்குள் கொண்டுவர முழுதாக மறுபடி சுருக்கவேண்டும், கவனிக்காவிட்டால் கால் மணி நேரத்தில் வாயசைவு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம்.

வெற்று இறுவட்டும் அருகிவருகிறது. பானசோனிக் 2023 பெப்ரவரியில் உற்பத்தியை நிறுத்தியது, சோனி 2025 பெப்ரவரியில் நிறுத்தியது. வேர்பேட்டிம் பெயரில் இன்னும் கிடைக்கின்றன. கொழும்புக்குப் போகும் எவரிடமாவது சொல்லிவிட்டு வாங்குகிறேன். சென்ற வாரமும் பத்து வந்தன, அவற்றை யன்னலோர அலுமாரியில் வைக்கவில்லை.

ஆகவே நண்பனுக்குப் பதில்: எடுக்காதே. பாதி விலை என்றாலும் எடுக்காதே. இத்தனை நாள் ஓடிய இயந்திரத்தைப் புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது முரண் என்று உனக்குத் தோன்றும், ஆனால் அந்த மூன்று இறுவட்டுகளை வீணாக்கியது நான், நீ அல்ல. உன் மகளின் அரங்கேற்றத்தை நான் எழுதித் தருகிறேன். வரும்போது கமராவின் கார்டையே கழற்றிக்கொண்டு வா. கோப்புகளை இழுத்துப் பென்ட்ரைவில் போட்டுக்கொண்டு வந்தாயானால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன்.