சித்தியின் பாதமும் சுவரில் தொங்கும் பலகையும்

சித்தி இருப்பது மலேசியாவின் பேராக்கில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அரசு கிளினிக்கில்தான் மருந்து. இந்த முறை ஊருக்குப் போனபோது அவரைக் காரில் அழைத்துப் போகும் வேலை எனக்கு வாய்த்தது.

கட்டணத்தில் குறை சொல்ல வழியே இல்லை. குடிமக்களுக்கு வெளிநோயாளர் பதிவு ஒரு வெள்ளிதான், அதாவது ஒரு ரிங்கிட். ஆனால் காத்திருப்பு! நம்பர் எடுத்ததிலிருந்து இத்தனை நிமிடத்துக்குள் டாக்டரைப் பார்க்கலாம் என்று சுவரில் பலகை தொங்குகிறது. அந்தக் கணக்கில் பொய் இல்லை; நம்பர் கொடுப்பதற்கு முன்னால் நிற்கும் வரிசைதான் அதில் இல்லை. இரத்தப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றோடு விடியுமுன்னே கிளம்பிய சித்தி, கதவு திறக்கும்வரை நடைபாதைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எந்தப் பலகைக்கும் அந்த நேரம் தெரியாது.

நான் வசிக்கும் பிரிட்டனிலும் அரசு மருத்துவம் எவ்வளவு வேலை செய்கிறது என்று அளக்கும் கணக்கு நெடுங்காலம் கேலிக்கூத்தாகத்தான் இருந்தது. அதற்குச் செலவான தொகையையே அதன் பயன் என்று எழுதி வந்தார்கள். அப்படி எழுதினால் உற்பத்தித்திறன் ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. 1998இல்தான் சிகிச்சைகளை எண்ணத் தொடங்கினார்கள். தலையை எண்ணினால் மட்டும் போதாது, தரத்தையும் கணக்கில் சேருங்கள் என்று பொருளியலாளர் டோனி அட்கின்சன் 2005இல் அறிக்கை கொடுத்தார்.

அவர் சொன்னதன் பொருள் எனக்கு உறைத்தது அந்தக் கிளினிக்கின் பின்னறையில்தான். மிஸி (தாதி) ஒருவர் சித்தியின் காலைத் தன் மடிக்கருகே இழுத்து வைத்து, விரலிடுக்குகளை விரித்துப் பார்த்தார். பிறகு சித்தியைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழை ஒன்றைப் பாதத்தில் வைத்து, அது வளையும் வரை அழுத்தினார்.

“பட்டதும் சொல்லுங்கள், அம்மா.”

“பட்டது... இப்போதும் பட்டது...”

பெருவிரலுக்கு அடியில் அழுத்தியபோது சித்தி பேசவில்லை. மிஸி மறுபடி அழுத்தினார். அப்போதும் இல்லை. அட்டையில் அந்த இடத்தைக் குறித்துவிட்டு, வெறுங்காலோடு நடக்காதீர்கள், தினமும் இரவில் பாதத்தைப் பாருங்கள் என்று நிதானமாகச் சொன்னார். வெளியே வரிசை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. மணிக்கு எத்தனை பேர் என்று பார்த்தால் அந்த மிஸி மந்தம். அவர் அவசரப்பட்டிருந்தால் அந்த உணர்வற்ற இடம் யார் கண்ணிலும் பட்டிருக்காது. புண்ணாகி, கால்விரல் போன பிறகு நடக்கும் அறுவை சிகிச்சையோ கணக்கில் பெரிய உருப்படியாக ஏறும். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. நம்மவர்களிடையே இன்னும் அதிகம். இப்படியொரு நாட்டில் வேகத்தை மட்டும் அளப்பது என்ன கெட்டிக்காரத்தனம்?

டாக்டர் சில நிமிடங்களில் முடித்துவிட்டார். அதில் எனக்கு வருத்தமில்லை. மருந்து வாங்கும் இடத்தில்தான் மறுபடி தவம். அடுத்த மாதங்களுக்கான மருந்தைத் தபாலில் அனுப்பும் வசதி உண்டு, எழுதிக் கொடுத்துவிடலாமே என்றேன். சித்தி சிரித்தார்.

“தபால் நம் வீட்டுக்கா வருகிறது, தம்பி? தோட்ட ஆபீசில் கிராணி (குமாஸ்தா) மேசையில் கிடக்கும். அவர் லீவு என்றால் என் சர்க்கரையும் லீவு எடுக்குமா?”

அடுத்த தவணைக்கும் வரிசையில் நிற்பதாகச் சொல்லிவிட்டார்.