நாய் உலவும் தோட்டத்துக்கு எந்தப் புல்? நெல்லை வெயிலை முன்வைத்து ஓர் ஒப்பீடு

பாளையங்கோட்டை, பெருமாள்புரம், கே.டி.சி. நகர் பகுதிகளில் புதிதாக எழும்பும் வீடுகளில், கார் நிறுத்தும் இடத்துக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவே மிஞ்சுகிற நிலத்தில் செயற்கைப் புல் விரிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அதே வீடுகளில் சிப்பிப்பாறையோ ராஜபாளையமோ லாப்ரடாரோ ஒன்று வளர்வதும் அரிதல்ல. கடையில் புல்லைத் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் கண்ணுக்கும் உள்ளங்கைக்கும் இதமானதையே எடுக்கிறார்கள். நாய் இருக்கும் வீட்டிலோ, சித்திரை வெயிலில் அது எவ்வளவு சுடும் என்பதும், மூத்திரம் எந்த வழியாக வெளியேறும் என்பதுமே முதலில் கேட்க வேண்டிய கேள்விகள்.

இழையைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. சந்தையில் கிடைப்பவை நைலான், பாலிபுரொப்பிலீன், பாலிஎத்திலீன் என்ற மூன்று வகை. 1966இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் உள்ளரங்கில் விரிக்கப்பட்டுப் புகழ்பெற்ற முதல் செயற்கைப் புல் நைலானால் ஆனது. மிதிபட்டாலும் நிமிர்ந்து நிற்பதில் இன்றும் அதற்கு இணையில்லை. ஆனால் நைலான் ஈரத்தை உறிஞ்சும் பொருள். நாயின் மூத்திரத்தையும் உறிஞ்சும். பாலிபுரொப்பிலீன் விலை குறைந்தது, சொரசொரப்பானது. ஒருமுறை படுத்துவிட்டால் எழுந்திருக்க மறுப்பது. பாலிஎத்திலீன் மென்மையானது, ஈரத்தை உள்ளே விடாதது, புற ஊதாக் கதிருக்கு எதிரான காப்பு சேர்த்துச் செய்யப்பட்டால் நம் வெயிலுக்கும் தாக்குப்பிடிப்பது. நாய்க்காக வாங்குபவர் இதில் தயங்க வேண்டிய தேவையே இல்லை.

இழையின் உயரத்தில்தான் கடைக்காரரோடு கருத்து வேறுபடும். "அண்ணாச்சி, நாப்பது எம்எம் போடுங்க, மெத்தை மாதிரி இருக்கும்" என்பார். நாற்பது மில்லிமீட்டர் இழை கடையில் அழகாகத்தான் இருக்கும். வீட்டில், நாய் தினமும் ஓடித் திரும்புகிற தடத்தில் அது படிந்து, மலத்தை அள்ளும்போது பாதி இழைகளுக்குள் தங்கிவிடும். இருபத்தைந்து முதல் முப்பது மில்லிமீட்டருக்குள், நெருக்கமாகத் தைக்கப்பட்டதே துப்புரவுக்கு ஏற்றது. வேப்பமரம் உள்ள வீட்டுக்காரர்கள் இன்னும் குட்டையானதை எடுக்கலாம். கோடையில் உதிரும் பழம் நசுங்கி இழைகளில் ஒட்டிக் காய்ந்த பிறகு விளக்குமாற்றுக்கு வராது, ஒவ்வொன்றாக விரலால்தான் பெயர்க்க வேண்டியிருக்கும்.

மேலே தெரியும் இழையைவிட, கவிழ்த்துப் பார்த்தால் தெரியும் முதுகுப் பக்கம் முக்கியம். மலிவான விரிப்புகளில் முதுகு முழுவதும் லேட்டக்ஸ் என்ற ரப்பர்ப் பாலைப் பூசி, சில அங்குல இடைவெளியில் துளையிட்டிருப்பார்கள். மழைத்தண்ணீருக்கு அந்தத் துளைகள் போதும். நாயின் மூத்திரம் கொஞ்சமாக, ஒரே இடத்தில் விழுவது; துளையைச் சென்றடையாமல் பூச்சின்மேல் தேங்கிக் காய்ந்துவிடும். மூத்திரத்திலுள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் அம்மோனியாவாக உடைக்கும்போது எழுவதே நமக்குத் தெரிந்த நெடி. தையல் வரிசையில் மட்டும் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூச்சைப் பூசி, இடைப்பட்ட வலையைத் திறந்தே விட்டிருக்கும் விரிப்புகளில் எந்த இடத்தில் விழுந்தாலும் ஈரம் கீழே இறங்கும். இவை விலை கூடியவை. நாய் வளர்ப்பவருக்கு அந்தக் கூடுதல் விலை வீண் அல்ல என்பது என் முடிவு. இரண்டையும் பிரித்தறியக் கடையிலேயே ஒரு மாதிரித் துண்டைத் தூக்கிப் பிடித்து, துளை இல்லாத இடமாகப் பார்த்து ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றினால் போதும்.

முதுகு திறந்திருந்தும் கீழே தளம் மூடியிருந்தால் பயனில்லை. கழுவிய 12 எம்எம் ஜல்லி பரப்பி, அதன்மேல் 6 எம்எம் சிப்ஸ் எனப்படும் பொடி ஜல்லியை நிரவித் தட்டிய தளம் ஈரத்தை மண்ணுக்கு அனுப்பும். கிரஷர் தூசியை மட்டும் கொட்டித் திமிசு போட்டால் நாளடைவில் அது இறுகி, சிமென்ட் தரையைப் போலவே ஈரத்தைத் தேக்கும். ஏற்கெனவே சிமென்ட் தளம் உள்ள இடத்தில் பத்தடிக்கு இரண்டு அங்குல வாட்டமாவது இருக்க வேண்டும். கொத்தனாரிடம் சொல்லி வாட்டத்தைச் சரிசெய்யாமல் விரிப்பது பணத்தைத் தண்ணீரில் போடுவதே. நாங்குநேரிப் பக்கத்துச் செம்மண்ணில் ஜல்லித் தளம் அசையாமல் நிற்கும். கயத்தாறு, கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் மண் மழைக்கு உப்பி, கோடையில் வெடிப்பதால், தளம் ஏறி இறங்கி ஒட்டுப்போட்ட இணைப்புகள் பிளக்கும். பிளந்த இணைப்பை நாய் முதல் வேலையாகக் கடித்து இழுக்கும், விழுங்கிய இழை குடலை அடைக்கவும் கூடும்.

இழைகளுக்கிடையே தூவும் நிரப்பியிலும் மூன்று வழிகள் உண்டு. பழைய டயரை அரைத்த ரப்பர்த் துகள் வெயிலை உறிஞ்சிக் கொதிக்கும். விளையாட்டுத் திடல்களில் பயன்படும் இத்தகைய செயற்கைத் துகள்களை 2031 முதல் விற்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023இலேயே தடை விதித்துவிட்டது. வீட்டு நாய்க்கு அது வேண்டவே வேண்டாம். உருண்டை மணிகளாலான சிலிக்கா மணல் விரிப்பைக் கனமாக அழுத்தி வைக்கும், ஆனால் நெடியைப் பிடித்து வைக்காது. சியோலைட் என்ற கனிமம் மூத்திரத்திலிருந்து வரும் அம்மோனியத்தைத் தன் நுண்துளைகளில் பற்றிக்கொண்டு, தன்னிடமுள்ள சோடியம் போன்றவற்றை வெளியே விடும். நெடியைக் குறைப்பதில் மற்ற இரண்டைவிட இது மேல்தான். விற்பவர்கள் சொல்லாமல் விடுவது, அதன் கொள்ளளவு ஒருநாள் நிறையும் என்பது. அப்போது உப்புக் கரைசலை ஊற்றி அம்மோனியத்தை வெளியேற்றி, நிறைய நல்ல தண்ணீரால் அலச வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருக்கையில் பாளையங்கோட்டையில் பெரும்பாலும் வெறும் காற்றும் புழுதியும்தான். ஐப்பசி மழை வரும்வரை இயற்கை கழுவித் தராது, நாம்தான் கழுவ வேண்டும். நெடிக்கு அஞ்சிப் பிளீச்சிங் பவுடரைத் தூவுவோர் உண்டு. அது அம்மோனியாவோடு சேர்ந்து நச்சு வாயுவை உண்டாக்குவதால் அந்த வழியை அடியோடு தவிர்க்க வேண்டும்.

இனி வெயில். எல்லா வகைச் செயற்கைப் புல்லும் தோற்கும் இடம் இதுவே. உயிருள்ள புல் நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. பிளாஸ்டிக்குக்கு அந்த வழி இல்லை. காற்றின் வெப்பம் 38, 40 டிகிரியாக இருக்கும் நண்பகலில் நேர்வெயில் படும் விரிப்பின் மேற்பரப்பு 60 டிகிரியை எளிதாகத் தாண்டும். தண்ணீர் தெளித்தால் ஆறும் என்பது பாதி உண்மை. அமெரிக்காவின் பிரிகம் யங் பல்கலைக்கழகத் திடலில் 2002இல் நடந்த ஆய்வில், தண்ணீர் பாய்ச்சியதும் தணிந்த சூடு இருபது நிமிடங்களுக்குள் ஏறக்குறைய பழைய நிலைக்கே திரும்பிவிட்டது. புறங்கையை ஏழு நொடி வைத்திருக்க முடியாத தரையில் நாயின் பாதம் வெந்துபோகும். வெளிர்பச்சை, "குளிர் இழை" என்று விற்கப்படுபவை சில டிகிரி குறைக்கலாம். நிழல் செய்யும் வேலையை எதுவும் செய்யாது.

உயிருள்ள புல்லில் நம் ஊருக்கு ஏற்றது அருகம்புல். ஓடுதண்டு விட்டுப் படர்வதால் நாய் கிளறிய இடத்தைத் தானே மூடிக்கொள்ளும். முழு வெயில் கேட்கும். வேம்பின் அடியில் மெலிந்துவிடும். பெண்நாய் குந்தி மூத்திரம் விடும் இடங்களில் நைட்ரஜன் மிகுந்து வட்ட வட்டமாகக் கருகும், உடனே ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் தப்பும். நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் என்று வைத்துக்கொண்டால் 400 சதுர அடிக்கு ஏறத்தாழ 185 லிட்டர் ஆகிறது. கிணறு உள்ள வீட்டுக்கு இது பெரிதல்ல, லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் வீட்டுக்குக் கோடையில் கட்டாது. செயற்கைப் புல்லுக்குத் தண்ணீரே வேண்டாம் என்ற வாதமும் நாய் உள்ள வீட்டில் செல்லாது. அதையும் கழுவித்தான் ஆக வேண்டும், அளவு குறையும் என்பதே வேறுபாடு.

ஆகவே மண்ணும் கிணறும் வெயிலும் உள்ள வீட்டில் நான் அருகம்புல்லின் பக்கமே நிற்பேன். மர நிழலிலோ வீட்டின் கிழக்கு ஒதுக்கிலோ, அருகு பிடிக்காத இடத்தில் மட்டும், திறந்த முதுகுள்ள 25 எம்எம் பாலிஎத்திலீன் விரிப்பைச் சிப்ஸ் தளத்தின்மேல் போடலாம். சிமென்ட் தளமே உள்ள வீட்டில் நிரப்பி எதுவும் தூவாமல், தூக்கி அலசி உலர்த்தத்தக்க சிறிய துண்டுகளாக விரிப்பது நல்லது. ஓரங்கள் தளராமல் இருந்தால் அடியில் உண்ணி ஒதுங்குவதும் குறையும். நிழலே இல்லாத மொட்டை மாடியில், நாயை அங்கே பகலில் விடுவதாக இருந்தால், எந்த விலையிலும் எந்த வகையும் வேண்டாம். ஒரு மூலையில் பச்சை வலைப் பந்தலும், அதன்கீழ் வெறும் தரையும், ஒரு தொட்டித் தண்ணீரும் அந்த நாய்க்குப் போதும்.