பிளாவில் கூழ், கையில் கமரா: 24ஆ, 50ஆ?

கமராவோடு வந்த லென்ஸ் அலுத்ததும் எல்லோரும் அடுத்ததாக வாங்குவது 50 மி.மீ. லென்ஸ் (இந்த எண் கூடக் கூடக் காட்சி ஒடுங்கிக் கிட்ட வரும், குறைந்தால் அகலும்). நானும் அப்படித்தான். கேனானின் ஈஎஃப் 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம். யாழ்ப்பாணத்தின் குருநகர் நண்டு, பருத்தித்துறை வடை, திருநெல்வேலிச் சந்தைக் கருத்தக்கொழும்பான் மாம்பழம் என்று மூன்று வருடம் வாயில் போனதெல்லாம் முதலில் அதற்குள் போய்த்தான் வந்தது. போன வருடம் ஈஎஃப்-எஸ் 24 மி.மீ. எஃப்/2.8 எஸ்டிஎம் கைக்கு வந்தது. அன்றிலிருந்து 50 பெரும்பாலும் அலுமாரியில்.

போன் போதாதா என்று கேட்பீர்கள். போதும். கமராவை ஏற்கெனவே வாங்கிவிட்டு சாப்பாட்டைப் படமெடுக்க எந்த லென்ஸ் என்று முழிப்பவர்களுக்குத்தான் இந்த அலசல்.

என்னுடையது பழைய டிஎஸ்எல்ஆர், ஏபிஎஸ்-சி சென்சர், அதாவது 35 மி.மீ. பிலிம் அளவு சென்சருள்ள முழுச் சட்டகக் கமராவினதை விடச் சிறியது. அதில் எந்த லென்ஸைப் போட்டாலும் 1.6ஆல் பெருக்கிப் பார்க்க வேண்டும். 24 போட்டால் முழுச் சட்டகக் கமராவின் 38 போலக் காட்டும், 50 போட்டால் 80 போல. 38 என்பது மேசையில் இருந்தபடி நாம் சாப்பாட்டைப் பார்க்கிற பார்வை. 80 என்பது பக்கத்து மேசையில் என்ன வந்திருக்கிறது என்று எட்டிப் பார்க்கிற பார்வை. 24ஐ பான்கேக் லென்ஸ் என்பார்கள், தடிப்பு 22.8 மி.மீ. தான். நம்மூரில் தட்டை வடை லென்ஸ் என்று பெயர் வைத்திருக்கலாம். நிறை 125 கிராம். 50உம் பாரமில்லை, 160 கிராம். பயணப்பைக்கு இரண்டும் ஒன்றுதான்.

என்னை மாற்றியது ஒடியற்கூழ். கரவெட்டியில் பெரியம்மா வீட்டில் வருடத்துக்கு ஒரு தடவையாவது கூழ் காய்ச்சுவார்கள். மீன், நண்டு, இறால், பயித்தங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் போட்டு, ஒடியல் மாவும் புளியும் செத்தல் மிளகாயும் கரைத்து விட்டு, முற்றத்தில் வட்டமாக இருந்து குடிப்பது. குடிக்கிற பாத்திரம் பிளா, பனையோலையைக் கோலிச் செய்தது. பிளாவுக்குத் தட்டையான அடி கிடையாது. ஒரு தடவை கூழை வார்த்துவிட்டால் குடித்து முடிக்கும் வரை கையில்தான் வைத்திருக்க வேண்டும், நிலத்தில் வைத்தால் சரிந்துவிடும். அதாவது இடக்கையில் பிளா, வலக்கையில் கமரா.

கையை நன்றாக நீட்டினாலும் கண்ணிலிருந்து பிளா ஐம்பது செ.மீ. தூரத்தில்தான் இருக்கும். 50 லென்ஸ் 35 செ.மீ. வரை கிட்டப் போனாலும் குவியம் பிடிக்கும், ஆகவே இங்கே பிரச்சினையில்லை. ஆனால் சட்டகத்துக்குள் வந்தது ஒரு நண்டுக்காலும் கொஞ்சம் ஓலை விளிம்பும் மட்டும். பிளா முழுசாக வரவில்லை, முற்றத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மச்சானிடம் பிளாவைக் கொடுத்துவிட்டு இரண்டடி பின்னால் போனேன். அவனுக்குத் தன்னுடைய கூழ் ஆறுகிற கவலை. "தம்பி, ஆறப்போகுது. முதல் குடி, பேந்து படமெடு" என்று பெரியம்மா குசினிப் பக்கமிருந்து சொன்னார். அன்றைக்கு நான் எடுத்த படங்களில் மச்சானின் பெருவிரல்தான் கதாநாயகன்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 25 செ.மீ. விட்டமுள்ள சாதாரணச் சாப்பாட்டுப் பீங்கான் ஒன்று நேர் மேலிருந்து முழுசாகச் சட்டகத்தில் விழ வேண்டும். 50க்கு அதற்கு ஏறக்குறைய 95 செ.மீ. உயரம் தேவை. 24க்கு 45 செ.மீ. போதும். கதிரையில் நிமிர்ந்து இருக்கிற ஆளுக்கு மேசையிலிருந்து கண் வரை ஏறக்குறைய அரை மீட்டர்தான். ஆக 24 இருந்தபடி எடுக்கிற லென்ஸ், 50 எழும்பி நின்று எடுக்கிற லென்ஸ். எனக்கு முடிவைத் தந்தது இந்த ஒரு வித்தியாசம்தான்.

எழும்பி நின்றால் என்ன என்று தோன்றலாம். நானும் மூன்று வருடம் அப்படித்தான் நினைத்தேன். யாழ்ப்பாணத்துச் சாப்பாட்டுக் கடைகளில் மத்தியானம் பன்னிரண்டரைக்குப் போய்ப் பாருங்கள். உங்கள் கதிரைக்கும் பின்னால் இருப்பவரின் கதிரைக்கும் நடுவில் சாம்பார் வாளியோடு பரிமாறுகிறவர் ஒருக்களித்துத்தான் போவார். எழும்பினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், முதலாளி என்ன குறை என்று கேட்டுக்கொண்டு வருவார். ஒரு தடவை நகரில் ஒரு கடையில் நான்கு பேரின் இடியப்பம், சொதி, சம்பலை ஒரே படத்தில் அடக்க பிளாஸ்ரிக் கதிரையில் ஏறினேன். கதிரையின் கால் வளைந்தது. நான் விழவில்லை, சொதி விழுந்தது. அந்தக் கடைக்கு நான் பிறகு போகவில்லை, வெட்கம்.

நிலத்திலிருந்து சாப்பிடுகிற இடத்தில் இந்தக் கணக்கு இன்னும் இறுகும். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவிலுக்குப் போகிறவர்கள் அமுதசுரபி அன்னதான மடத்தில் சாப்பிடாமல் திரும்புவது குறைவு. பந்தியில் சப்பாணி கட்டி இருக்கும்போது எழும்பி நின்று படம் பிடிப்பது அழகில்லை, பின்னால் அடுத்த பந்திக்குச் சனம் காத்திருக்கும். கேட்டுவிட்டு, இருந்த இடத்திலிருந்தே ஒன்றோ இரண்டோ எடுத்துவிட்டுக் கமராவை மடியில் வைப்பதுதான் மரியாதை. 24ஓடு போன தடவை என் சாப்பாடும், எதிர் வரிசையும், பரிமாறுகிறவரின் கையும் ஒரே படத்தில் வந்தன. 50ஓடு போயிருந்தால் சோறு மட்டும் வந்திருக்கும், அது எந்த ஊர்ச் சோறு என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

சரி, 50இன் பக்கமும் சொல்ல வேண்டும். எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் கூடுதலாகத் திறந்து அதிக வெளிச்சத்தை உள்ளே விடும், தெளிவாக விழுகிற ஆழமும் குறையும். எஃப்/1.8க்கும் எஃப்/2.8க்கும் வெளிச்சத்தில் ஏறக்குறைய இரண்டரை மடங்கு வித்தியாசம். நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் இரவில் கச்சான் கடை பார்க்கிறவருக்கு அது பெரிய விஷயம். மஞ்சள் பல்பின் கீழே கச்சான் குவியல், பின்னால் மங்கிய பொட்டுப் பொட்டாக வீதி விளக்குகள். அந்தப் படம் 24இல் அப்படி வராது. கச்சான் விற்கிற அம்மாவின் முகத்தை எடுப்பதானாலும் 50தான், 24ஐக் கொண்டு கிட்டப் போனால் மூக்குப் பெருத்துவிடும்.

ஆனால் அந்த இரண்டரை மடங்கு சாப்பாட்டு மேசைக்கு வரும்போது கரைந்துவிடுகிறது. இரண்டு லென்ஸிலும் நடுக்கத்தைக் குறைக்கிற வசதி இல்லை. மி.மீ. கூடினால் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். கையில் பிடித்து எடுக்க 24க்கு 1/40 நொடி போதுமென்றால் 50க்கு 1/80 வேண்டும், லாபத்தில் பெரும்பகுதி அங்கேயே போய்விட்டது. அப்புறம், 50ஐ எஃப்/1.8இல் திறந்து வைத்துக் கிட்டப் போனால் தெளிவாக விழுகிற ஆழம் சில மில்லிமீட்டர்தான். வடையின் முன்விளிம்பு தெளிவு, நடுவிலுள்ள பருப்பு மங்கல். சாப்பாடு சாப்பாடாகத் தெரிய எஃப்/4க்குப் போயே ஆக வேண்டும், பிறகு 1.8 இருந்தென்ன? ரியூப் லைட் கடைகளில் இன்னொரு தொல்லை. நம்முடைய மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், பழைய ரியூப் லைட் நொடிக்கு நூறு தடவை கூடிக் குறையும். படத்தில் பட்டை விழாமலிருக்க ஷட்டரை 1/50இலோ 1/100இலோ வைப்பேன். 24ஐ 1/50இல் பிடிக்க முடிகிறது. 50ஐ 1/100இல்தான்.

24இலும் குறை உண்டு. அது 16 செ.மீ. வரை கிட்டப் போகும், ஆனால் அந்தத் தூரம் சென்சரிலிருந்து அளப்பது. லென்ஸின் முன்கண்ணாடிக்கும் கூழுக்கும் இடையில் மிஞ்சுவது ஒன்பது செ.மீ. அளவுதான். கொதிக்கிற கூழுக்கு மேலே அவ்வளவு கிட்டப் பிடித்தால் ஆவி படிந்து எல்லாம் வெண்ணிறமாகிவிடும். நீத்துப்பெட்டியிலிருந்து பிட்டைக் கொட்டுகிற நேரமும் இப்படித்தான், அதைப் பக்கத்து யன்னல் வெளிச்சத்தில் கொஞ்சம் தள்ளி நின்று எடுங்கள், ஆவி தனியாகத் தெரியும். தேத்தண்ணிக் கிளாஸைக் கிட்டப் போய் மேலிருந்து சரித்து எடுத்தால் வாய் அகன்று அடி ஒடுங்கி விடும். கிளாஸுக்கு 50 நல்லது, அல்லது 24ஐ கிளாஸின் மட்டத்துக்கு இறக்கிப் பிடிக்க வேண்டும்.

பராமரிப்பில் இரண்டும் சமம். மார்கழி மழைக்கும் கடற்காற்றுக்கும் எந்த லென்ஸானாலும் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்திருக்கிறேன். நெடுந்தீவுக்கு 24ஐ ஒரேயொரு தடவைதான் கொண்டு போனேன், படகில் பைக்குள்ளேயே இருந்தது. ஆகவே உப்புத்தண்ணி பட்டால் எது தாங்கும் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

பின்னர் முழுச் சட்டகக் கமராவுக்கு மாறுகிற எண்ணம் இருந்தால் மட்டும் யோசியுங்கள். 50 அதிலும் முழுசாக வேலை செய்யும். 24 ஈஎஃப்-எஸ், அதாவது ஏபிஎஸ்-சி கமராவுக்கென்றே செய்தது, என்பதால் கேனானின் முழுச் சட்டக டிஎஸ்எல்ஆரில் பூட்டவே முடியாது. கைமாற்றி விற்கும்போதும் 50ஐத்தான் எல்லோரும் கேட்பார்கள் என்று நினைக்கிறேன், நான் இன்னும் எதையும் விற்றுப் பார்க்கவில்லை. என்னுடைய 50 இப்போது மச்சாளிடம் இருக்கிறது, குழந்தையைப் படமெடுக்கிறார். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முதல் நாள் திருப்பித் தருவதாகப் பேச்சு.

இந்த வருடக் கூழுக்கு 24ஓடு போனேன். இடக்கையில் பிளா, வலக்கையில் கமரா. பிளா முழுசாக வந்தது, பின்னால் அடுப்பும் பெரியம்மாவும் வந்தார்கள். மூன்று படம் எடுத்தேன், கூழ் இன்னும் சுட்டுக்கொண்டுதான் இருந்தது.